நாலரை விநாடிச் சங்கு

மணி பகல் பன்னிரண்டரை. செலியமேட்டிலிருந்து சுடுகாட்டுப் பக்கம் போகிற மண்ரோடு. ரெண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு... நடுவில் ஈ காக்கை கிடையாது.

பகலா என்று முகத்தைச் சுளிக்காதே ராஜேஷ். ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் பார்ப்பேன் என்று பேய் உன்னிடம் எழுதியா கொடுத்தது? எங்கள் பக்கத்தில் உச்சிவேளையில் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். நீ வேலைக்குச் சேர்ந்து முழுசாகப் பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் ரெண்டு கேள்வியை வைத்துக்கொண்டு என் உயிரை எடுக்கிறாய். முதலாளி ஏன் தினமும் ஒன்பது மணி ஆனதும் பாதி சீனைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்? முப்பது வாரத்தில் முடிய வேண்டிய சீரியல் ஏன் ஒன்றரை வருஷமாக இழுத்துக்கொண்டே போகிறது? ரெண்டுக்கும் ஒரே பதில்தான். சொல்கிறேன். ஜெனரேட்டரை நிறுத்தியாயிற்று. பரோட்டா வாங்கப் போனவன் பாகூரிலிருந்து வர நேரமாகும். கொசுவர்த்தியை நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் கிட்ட வந்து உட்காருங்கள். ஒன்பதரைக்குள் முடித்துவிடுகிறேன்.

இதை நான் கேட்டது முதலாளியின் மச்சான் பாக்யராஜின் வாயால். பாக்யராஜ் என் சிநேகிதன். பொய் சொல்லத் தெரியாதவன், சொன்னாலும் அரை மணி நேரத்தில் மாட்டிக்கொள்வான்.

அப்போது அவர் முதலாளி இல்லை. செலியமேட்டில் வெறும் குமரவேல். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எது நடந்தாலும் கேமராவோடு போய் நிற்கிற வீடியோக்காரர். அலையாய் அலைந்து பாண்டிச்சேரியில் ஒரு கேபிள் சேனலில் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு சீரியல் போட இடம் வாங்கிவிட்டார். கம்பெனிக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. ஆறு வயதுப் பெண் சுவேதா, அவள் என்றால் அவருக்கு உயிர். சுவேதா விஷன்.

ஆமாம், இப்போது இருக்கிற பெயர் இல்லை. அதற்குத்தான் வருகிறேன், வாயை மூடு.

சீரியலுக்கு முன்னால் நாலைந்து விநாடி வந்துபோகுமே கம்பெனி லோகோ, அதை நாமெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டோம். குமரவேல் அதற்குப் பதினோரு நாள் உட்கார்ந்தார். கறுப்புத் திரை. ஒரு குத்துவிளக்கு. திரியிலிருந்து சுடர் இறங்கி ஓடி, எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதும். படம் பிரமாதமாக வந்துவிட்டது, சத்தம்தான் அமையவில்லை. நெட்டில் கிடைத்த வீணை, மணி, புல்லாங்குழல் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். எல்லாம் ரிங்டோன் மாதிரியே இருந்தது.

"லோகோ சத்தம் கேட்டா சமையக்கட்டுல இருக்கறவங்க கரண்டியோட ஓடியாரணும் சரண்யா. அது ஆளக் கூப்புடணும்," என்று பெண்டாட்டியிடம் சொன்னாராம். அந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் அவருக்குச் செல்லப்பன் ஞாபகம் வந்தது. பாகூரில் சாவுக்குச் சங்கு ஊதுகிறவர். மற்ற நாளில் கம்பெனி வேலைக்குப் போவார். சாவு வீடியோ எடுக்கப் போன இடங்களில் குமரவேல் அவர் சங்கைக் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் ஊதினால் சத்தம் மேலே போகும். செல்லப்பன் ஊதினால் அது தரையோடு வரும், உள்ளங்காலில் தெரியும். சாவுச் சங்காயிற்றே என்று இந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. கோயிலிலும் சங்குதானே ஊதுகிறார்கள், சங்கு என்றால் சங்கு என்று நினைத்துவிட்டார்.

போன் போட்டு, "ஒரு சங்கு ரெக்கார்டு பண்ணணும்ணா," என்றார். சாவு வீடியோவில் சத்தம் சரியாக விழாவிட்டால் பிறகு தனியாக எடுத்துச் சேர்ப்பதுண்டு, அதனால் செல்லப்பன் ஒன்றும் வித்தியாசமாக நினைக்கவில்லை. "வூட்டாண்ட ஊதமாட்டேன்பா. சுடுகாட்டு ரோட்டுக்கு வந்துடு," என்றார். அன்றைக்குப் பராமரிப்பு வேலை என்று ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. வயலில் ஒரு போர் மோட்டார் ஓடாது. ரெக்கார்டிங்குக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது என்றுதான் அந்த உச்சிவெயிலில் போனது.

செல்லப்பன் வண்டியை நிறுத்தி, மஞ்சள் துணிக்குள்ளிருந்து சங்கை எடுத்தார். குமரவேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, மைக்கை நீட்டினார்.

"யாருக்குபா?" என்றார் செல்லப்பன்.

"நம்ம சுவேதாவுக்குத்தாண்ணா."

"உம் பொண்ணுக்கா?"

"ஆமாண்ணா."

செல்லப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "வயசு இன்னா?"

"ஆறு முடியப் போவுது."

"தைரியமா இருபா. நம்ம கையில இன்னா இருக்குது."

புதுசாகத் தொழில் தொடங்குகிறோம், மனுஷன் வாழ்த்துகிறார் என்று குமரவேல் சிரித்துக்கொண்டார். செல்லப்பன் சங்கை வாயில் வைத்தார். ஊ...ம்... ஒரே மூச்சு. அது ஓய்கிற வரைக்கும் கரும்புத் தோகை ஒன்றுகூட உரசவில்லை. ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த குமரவேலுக்குக் கை முடியெல்லாம் நட்டுக்கொண்டது. இதுதான், இதுதான் நான் தேடினது என்று சத்தம் ஓய்ந்ததுமே ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சந்தோஷப்பட்டார். செல்லப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போய்ட்டு வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த வீட்டிலிருந்து அப்படிச் சொல்லாமல் கிளம்புவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

திங்கட்கிழமை முதல் எபிசோட்.

வீட்டில் டிவிக்கு எதிரே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதில் யாரும் உட்கார மாட்டார்கள். குமரவேலின் அப்பா குழந்தைவேல் உட்கார்ந்த நாற்காலி அது. கிழவருக்குக் காது மந்தம், டிவி வால்யூமை அறுபதில் வைப்பார், முச்சந்தி வரைக்கும் கேட்கும். அதற்கு முந்தின வருஷம் அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். சரண்யா பிள்ளையோடு தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். குமரவேல் மடுகரையில் ஒரு கல்யாணத்தில். கேமரா ஓடும்போது போனைச் சைலன்ட்டில் போடுவது அவர் வழக்கம். மண்டபத்தை விட்டு வெளியே வந்து பார்த்தால், "அப்பா" என்று ஏழு மிஸ்டு கால். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடியிருக்கிறார். டிவி அறுபதில் அலறியதில் பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தேய்த்துக்கொள்கிற கோடாலித் தைல வாசனை அந்த நாற்காலியை விட்டுப் போக ஆறு மாதம் ஆயிற்று. அந்த நம்பரைக் குமரவேல் இன்னும் அழிக்கவில்லை.

சரி. ஒன்பதரை. கறுப்புத் திரை, விளக்கு, சுடர் ஓடி "சுவேதா விஷன்" என்று எழுதியது. ஊ...ம்... சுவேதா தன் பெயரைப் பார்த்துக் கைதட்டினாள். சத்தம் டிவியில் நின்றது.

வெளியே நிற்கவில்லை.

தூரத்தில், கரும்புக்கு அந்தப் பக்கம், சுடுகாட்டுப் பக்கமிருந்து அதே சங்கு. அதே மூச்சு. யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்றாள் சரண்யா. காலையில் விசாரித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு சாவும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி சுவேதா தூக்கத்தில் முனகினாள். முனகல் என்றால் அழுகை இல்லை... ஒரே சுரம். வாய் மூடியிருக்கிறது, மூக்கிலிருந்து ஊ...ம் என்று வருகிறது. அந்தச் சத்தத்தைத் தன் கையால் வெட்டி ஒட்டின ஆள் அவர், அவருக்குத் தெரியாதா. சுரம் அதேதான், நீளமும் அதேதான். நாலரை விநாடி.

செவ்வாய்க்கிழமை முதல் வேலையாகச் சங்கை எடுத்துவிட்டு நெட்டில் கிடைத்த ஒரு மணிச் சத்தத்தைப் போட்டு அனுப்பினார். ஒன்பதரைக்கு லோகோ வந்தது, மணி அடித்தது. அடித்து முடித்ததும்... முச்சந்தியிலிருந்து சங்கு. நேற்றைவிடக் கிட்டத்தில். தெருநாய்கள் ஒன்றுகூடக் குலைக்கவில்லை. சுவேதா தோசை தின்றுகொண்டிருந்தாள். கையில் பிட்ட தோசையோடு அப்படியே உட்கார்ந்து முனக ஆரம்பித்தாள். நாலரை விநாடியில் நிற்கவில்லை. பத்து. இருபது. உள்ளே மூச்சை இழுக்கவே இல்லை, வெளியே மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. நாற்பதாவது விநாடியில் உதடு நாவல்பழ நிறமாகிவிட்டது. சரண்யா பிடித்து உலுக்கியதில் ஒரு விக்கல் விக்கி மூச்சு திரும்பியது. "இன்னாடி ஆச்சு?" என்று அவள் கேட்டதற்கு, "யாரோ கூப்ட்டாங்கம்மா," என்றாளாம் பிள்ளை.

டாக்டர் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துப் பார்த்தார். சளிகூட இல்லை என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் குமரவேல் அந்த ரெக்கார்டிங்கைத் திறந்தார். வெட்டின துண்டை இல்லை, வெட்டாத முழு பைலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டார். யாருக்குபா. நம்ம சுவேதாவுக்குத்தாண்ணா. சங்கு முடிந்த பிறகு, தான் கேட்காமலே வெட்டித் தள்ளின கடைசித் துண்டில், செல்லப்பன் வாய்க்குள் முணுமுணுக்கிறார்.

"நல்லபடியா போய்ச் சேரு தாயி."

குமரவேல் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு பாகூருக்குப் பறந்தார். செல்லப்பன் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி எட்டு இருபது. வாசலில் நிற்கிற குமரவேலைப் பார்த்து ஆறுதலாகக் கையைப் பிடித்துக்கொண்டார். குமரவேல் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தக் கை விலகியது.

"புள்ள உயிரோட இருக்குதா?"

"இருக்குதுண்ணா. கம்பெனி பேரத்தாண்ணா நான் சொன்னேன்."

"அடப்பாவி. யாருக்குன்னு கேட்டனேடா. யாருக்குன்னா எங்க வேலையில வேற இன்னாடா அர்த்தம்?" செல்லப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "சாவுக்கு வூட்டு வாசல்ல ஒரு சங்கு, முச்சந்தியில ஒண்ணு, சுடுகாட்டுல ஒண்ணு. மூணு எடம். உனக்கு அது அங்கேர்ந்து திரும்பி வந்துகினு இருக்குது. நேத்து முச்சந்தின்னா இன்னிக்கு..."

மிச்சம் இருப்பது வீட்டு வாசல்.

"திருப்பி எடுத்துக்கண்ணா. உன் காலப் புடிச்சிக்கறேன்."

"ஊதின காத்த உள்ள இழுக்க முடியுமாடா? பேர வேணா மாத்திச் சொல்லி ஊதலாம். எங்கப்பா ஒருக்கா அப்படி ஊதியிருக்காரு. யாரு பேரச் சொல்ற?"

குமரவேல் தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். செல்லப்பன் முறைத்தார். "அப்பன் இல்லாம அந்தப் புள்ள நிக்கணுமா?" வேறு யார் பெயரைச் சொல்வது? உயிரோடு இருக்கிற யார் பெயரை ஒருத்தன் சொல்வான்? மணி எட்டு முப்பத்தைந்து. அப்போதுதான் அவருக்கு அந்தப் புத்திசாலித்தனம் தோன்றியது.

"செத்துப்போனவங்க பேரச் சொல்லலாமாண்ணா?"

செல்லப்பன் படியிலிருந்து எழுந்தார். "தெரியலடா. செத்தவங்களுக்கு ரெண்டாந்தரம் யாரும் ஊதினதில்ல. சாவறதுக்கு ஆளு இருக்கணுமே."

"குழந்தைவேல். எங்கப்பா."

செல்லப்பன் சங்கை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். பெயரைச் சொன்னார். ஊதினார். குமரவேல் அதைப் போனிலேயே ரெக்கார்டு பண்ணிக்கொண்டு திரும்பினார்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறக்கும்போது ஒன்பது. சுவேதா என்பது மூன்றெழுத்து. குழந்தைவேல் நீளமான பெயர், சுடர் அவ்வளவு தூரம் ஓட வேண்டும், ஒவ்வொரு எழுத்தையும் புதுசாக வரைய வேண்டும். பைல் ரெடியாகும்போது ஒன்பது இருபத்தி நாலு. சேனலில் டேனியல் என்று ஒரு ஆள், "தெனமும் ஒரு லோகோவா சார்?" என்று அலுத்துக்கொண்டே வாங்கிப் போட்டார். ஒன்பது இருபத்தெட்டு. சரண்யா பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தாள். வாசல் கதவுக்கு வெளியே, படிக்குப் பக்கத்தில்... யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். ஊதுவதற்கு முன்னால் இழுப்பார்களே, அந்த மாதிரி.

ஒன்பதரை. கறுப்புத் திரை. சுடர் இறங்கிக் கு என்று எழுதியது... ழ... ந்... குழந்தைவேல் விஷன். டிவியில் சங்கு ஒலித்து ஓய்ந்தது.

வெளியே ஒன்றும் இல்லை. அந்த மூச்சும் இல்லை. தெருவில் ஒரு நாய் குலைத்தது. சுவேதா கொட்டாவி விட்டு, "தண்ணி குடும்மா," என்றாள். குமரவேல் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். சரண்யாவும் அழுதாள். பிள்ளை தப்பித்துவிட்டது.

அந்த அழுகையில் அவர்கள் முதலில் கவனிக்கவில்லை. டிவி சத்தம் கூடிக்கொண்டிருந்தது.

திரைக்குக் கீழே பச்சைக் கோடு. பதினெட்டில் இருந்தது. இருபது... இருபத்தைந்து... ரிமோட் பிரிட்ஜ் மேல் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. நாற்பது... ஐம்பத்தைந்து... அறுபது. அங்கே நின்றது. கோடாலித் தைல வாசனை வந்தது. சிவப்பு நாற்காலியின் பின்னங்கால் ரெண்டும், ஆள் உட்கார்ந்தால் விரியுமே, அப்படி விரிந்தன. அந்த அலறலுக்கு நடுவில் இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

குமரவேலின் கையிலிருந்த போன் அடித்தது. "அப்பா."

எடுத்தார். எடுக்காமல் எப்படி இருப்பார், சொல்லுங்கள். போன வருஷம் எடுக்காததுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"கொமாரு... எங்கடா இருக்கிற?"

"இங்கதாம்பா இருக்கேன். பக்கத்துலதாம்பா இருக்கேன்."

"இன்னாடா சொல்ற? ஒண்ணுங் கேக்கல... நெஞ்சு வலிக்குதுடா... கொமாரு?"

கத்திப் பார்த்தார். நாற்காலிக்கு முன்னால் மண்டி போட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். கிழவருக்குக் காது மந்தம், டிவி அறுபதில் ஓடுகிறது. போன் கட்டாகும், மறுபடி அடிக்கும். ஏழு தடவை. ஏழாவதுக்குப் பிறகு மூச்சு நின்றது, நாற்காலிக்கால் நேரானது. மணி பத்தரை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார்கள்.

மறுநாள் ஒன்பதரைக்கு லோகோ வந்தது.

ஆமாம் ராஜேஷ். அந்த மனுஷர் தினமும் சாகிறார். திங்களிலிருந்து வெள்ளி வரைக்கும். சனி ஞாயிறு சீரியலே கிடையாது, அன்றைக்குச் சங்கும் கூப்பிடுவதில்லை, அந்த ரெண்டு நாள்தான் முதலாளி தூங்குகிறார். நிறுத்தக்கூடாதா என்று கேட்பாய். ஒரு நாள் டிவி ஒயரைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தார், சேனலிலும் சீரியல் இல்லை என்று சொல்லி வைத்தார். ஒன்பதரைக்குச் சுவேதா முனக ஆரம்பித்தாள். ஓடிப்போய் ஒயரைச் சொருகி, டேனியலுக்குப் போன் போட்டுக் கெஞ்சி லோகோவைப் போட வைத்த பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு வந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் விட்டதில்லை. செத்துப்போன கதாநாயகிக்கு இரட்டைப் பிறவித் தங்கை எங்கிருந்து வந்தாள் என்று போன வாரம் கேட்டாயே, அங்கிருந்துதான் வந்தாள். சீரியல் முடிந்தால் லோகோ இல்லை. செல்லப்பன்கூட இப்போதெல்லாம் யாருக்கு என்று கேட்பதில்லை. செத்தது யாரு என்றுதான் கேட்கிறார்.

சிரிக்காதே. இன்றைக்குக் காலையில் பாக்யராஜ் எனக்குப் போன் பண்ணினான். குரலே சரியில்லை.

நேற்று போன் எட்டு தடவை அடித்ததாம். ஏழு முடிந்து மூச்சு நின்று, முதலாளி முகம் கழுவப் பின்பக்கம் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் சுவேதா அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் போனைக் காதில் வைத்து உம் கொட்டிக்கொண்டிருக்கிறாள். பிடுங்கினாராம். பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்து, "தாத்தாவுக்கு உங் கொரலுதாம்பா கேக்கல. நான் பேசினா நல்லா கேக்குது," என்றாளாம். அதனால்தான் இன்றைக்கு ஒன்பது மணிக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

மணி என்ன? சரி, பேசாதீர்கள். கரும்புக்கு அந்தப் பக்கம் ஒரு டியூப்லைட் தெரிகிறதா, அதுதான் அவர் வீடு. காற்று இந்தப் பக்கம்தான் அடிக்கிறது... கேளுங்கள். டிவி சத்தம் ஏறுகிறது.